விருந்தினருக்குக் கொடுக்கும் செய்முறை அட்டை: எந்த ஊர் ஆங்கிலத்தில் எழுதுவது?

கானாடுகாத்தான்_அடுப்படி:

இங்கே செட்டிநாட்டு வீட்டு விடுதிகளில் தங்கிச் சாப்பிட்டுப் போகிறவர்கள் கிளம்பும்போது கேட்பது செய்முறைதான். ஒரு பக்க அட்டையாக ஆங்கிலத்தில் அச்சடித்துக் கொடுக்கப் போகிறோம். முதல் தவணையில் குழிப்பணியாரம், உப்புக்கறி, கோழி மிளகு வறுவல், கத்தரிக்காய் கோசமல்லி (கத்தரிக்காயைப் பிசைந்து புளி சேர்ப்பது), கவுனி அரிசி (கறுப்பு ஒட்டரிசியில் செய்யும் இனிப்பு).

வரைவில் இப்போது உள்ள சொற்கள்: ரா ரைஸ், பாயில்டு ரைஸ், பிளாக் கிராம், ஜிஞ்சலி ஆயில், மட்டன், ஸ்மால் ஆனியன், அனிசீட், சில்லி பவுடர், பிரிஞ்சால், 'லெமன் சைஸ்' புளி. பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, மலேசியா என்று எல்லா ஊர்க்காரர்களும் கலந்து வருகிறார்கள். அட்டை ஒன்றுதான், ஊருக்கு ஒன்று அச்சடிக்க முடியாது. எதை மாற்றலாம், எதை அப்படியே விடலாம்?

கவுனி:

முதல் வேலையாக ரா ரைஸையும் பாயில்டு ரைஸையும் எடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

'பாயில்டு ரைஸ்' என்றால் நமக்குப் புழுங்கலரிசி. இந்தியாவைத் தாண்டினால் அது வெந்த சோறு. 'ஒரு கப் ரா ரைஸ், ஒரு கப் பாயில்டு ரைஸ்' என்று படிக்கிறவர் ஒரு கப் அரிசியும் ஒரு கப் சோறும் போட்டு அரைப்பார். சோறு சேர்ந்த மாவு வழவழவென்று வரும். பணியாரம் மேலே சிவந்தாலும் உள்ளே களியாகவே இருக்கும், குச்சியால் திருப்பினால் பிய்யும். செய்தவர் செய்முறையைத்தான் குறை சொல்வார். புழுங்கலுக்குப் 'பார்பாயில்டு' என்று எழுதுங்கள், பக்கத்தில் 'இட்லி ரைஸ்' என்றும் போடுங்கள். அமெரிக்கக் கடையில் 'கன்வர்ட்டட் ரைஸ்' என்று விற்பதும் புழுங்கல்தான், ஆனால் அது நீள அரிசி. ஒட்டாமல் உதிர்வதற்கென்று வந்த அரிசி அது, அரைத்தாலும் மாவில் பசை போதாது.

ரா ரைஸ் என்பதை வெளியூர்க்காரர் 'வேகவைக்காத அரிசி' என்றுதான் எடுப்பார். அப்படிப் பார்த்தால் கடையில் இருக்கிற எல்லா அரிசியும் ரா ரைஸ்தான், பாஸ்மதி உட்பட. 'வெள்ளைப் பச்சரிசி, குட்டை அல்லது நடுத்தர ரகம், புழுக்காதது' என்று நீட்டி எழுதுவதைத் தவிர வழியில்லை.

கவுனிக்கு இன்னொரு சிக்கல். 'பிளாக் ரைஸ்' என்று மட்டும் போட்டால் அமெரிக்காவில் 'ஃபர்பிடன் ரைஸ்' என்ற பெயரில் வரும் கறுப்பரிசியை வாங்குவார்கள். அதில் பசை கிடையாது, வெந்தாலும் தனித்தனியாக நிற்கும். நம் கவுனி கையில் ஒட்ட வேண்டும். 'பிளாக் குளூட்டினஸ் ரைஸ்' என்று எழுதினால் சரியாகக் கிடைக்கும், மலேசியா சிங்கப்பூரில் 'புலுட் ஹித்தாம்' என்று கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள். 'குளூட்டினஸ்' என்றதும் கோதுமைப் பசை ஒவ்வாதவர்கள் பயந்துபோவார்கள், அதில் குளூட்டன் இல்லை என்று அடியில் ஒரு வரி சேருங்கள். சர்க்கரையை அரிசி நன்றாக மலர்ந்த பிறகே போட வேண்டும் என்பதையும் தடித்த எழுத்தில் போடுங்கள். முன்னாலேயே போட்டுவிட்டால் எத்தனை நேரம் வைத்தாலும் அரிசி நறுக்கென்றுதான் நிற்கும்.

ஜெர்சி_சமையற்கட்டு:

அமெரிக்கக்காரர் கையில் அந்த அட்டை போனால் முதலில் கெடப்போவது காரம்.

அங்கே 'சில்லி பவுடர்' என்ற புட்டியில் இருப்பது வெறும் மிளகாய்த்தூள் இல்லை. சீரகம், ஆரிகனோ, பூண்டுத்தூள், பல சமயம் உப்பு எல்லாம் கலந்த மசாலா, 'சில்லி' என்கிற மாட்டிறைச்சிக் குழம்புக்கென்று வந்தது. பிரிட்டனிலும் 'மைல்டு' என்று போட்ட சில புட்டிகள் இதே கலவைதான். நம் அளவுக்கு இரண்டு தேக்கரண்டி அதைப் போட்டால் காரம் ஏறாது, ஆரிகனோ வாசம் தூக்கும், உப்பும் கூடிப்போகும். 'பியூர் கிரவுண்ட் ரெட் சில்லி, கலப்பு மசாலா வேண்டாம்' என்று எழுதுங்கள். கிடைக்காவிட்டால் 'கயென்' வாங்கலாம். அது நம் தூளைவிடக் கடுமை, பாதியில் தொடங்கச் சொல்லுங்கள்.

அடுத்தது எண்ணெய். 'ஜிஞ்சலி' என்ற சொல் இந்தியாவுக்கு வெளியே அநேகமாகச் செல்லாது. அதற்காக வெறுமனே 'செசமி ஆயில்' என்று மாற்றிவிடாதீர்கள். அங்கே அப்படிக் கேட்டால் கையில் வருவது சீன, கொரியச் சமையலுக்கான வறுத்த எள்ளின் கறுத்த எண்ணெய். இறக்கும்போது நாலு சொட்டு விடுவதற்கானது அது. அதில் உப்புக்கறிக்கு வெங்காயம் வதக்கினால் கறி வேகுமுன் எண்ணெய் கசந்துவிடும்.

'பெப்பர் சிக்கன்' என்ற தலைப்பில் ஒரு 'பிளாக்' சேருங்கள். 'பெப்பர்' என்றால் அங்கே குடைமிளகாயும் வரும், பச்சைமிளகாயும் வரும். 'கொரியாண்டர்' என்றால் அங்கே விதை மட்டும், தழைக்குப் பெயர் 'சிலாண்ட்ரோ'. பிரிட்டனில் இரண்டுக்கும் ஒரே சொல். ஆகவே எந்த ஊருக்கானாலும் விதையா தழையா என்று சொல்லிவிட வேண்டும்.

செக்கெண்ணெய்:

எண்ணெய்க்கு 'கோல்டு பிரெஸ்டு, அன்டோஸ்டடு' என்று இரண்டு சொல்லையும் சேர்த்தே போடுங்கள். வறுத்த எள்ளை ஆட்டியதிலும் 'கோல்டு பிரெஸ்டு' என்று ஒட்டி விற்கிறார்கள். நிறத்தைச் சொல்வது இன்னும் சுலபம்: இளம் பொன்னிறம் நம்முடையது, காப்பி நிறம் அவர்களுடையது.

பினாங்கு_பெட்டி:

எல்லாவற்றையும் அமெரிக்காவுக்காக மாற்றிக்கொண்டிருந்தால் அட்டையில் நம் ஊர் எங்கே மிஞ்சும்? பிரிஞ்சால் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தென்னாப்பிரிக்காவிலும் அன்றாடம் புழங்கும் சொல். லேடீஸ் ஃபிங்கரும் இந்தப் பக்கம் சந்தையில் எழுதிப் போடும் சொல்தான். பிரிட்டன்காரரின் 'ஓபர்ஜீன்', நம் 'பிரிஞ்சால்' இரண்டுமே அரபுச் சொல்லிலிருந்து கிளைத்தவை, ஒன்று பிரெஞ்சு வழி, மற்றது போர்த்துகீசு வழி. அமெரிக்கரின் 'எக்பிளான்ட்' மட்டும் தனி. பிரிஞ்சால் என்று படித்தால் தேடிப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். ஒன்றும் கெட்டுவிடாது.

தெரியாத சொல் ஆபத்தில்லை என்பது என் கட்சி. தெரிந்த சொல்லாக இருந்து வேறு பொருளைக் காட்டுவதுதான் ஆபத்து. பாயில்டு ரைஸ், சில்லி பவுடர், செசமி ஆயில் எல்லாம் இரண்டாவது வகை, அவற்றை மாற்றுங்கள். கத்தரிக்காயை விட்டுவிடுங்கள்.

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு குறிப்பு. கோசமல்லிக்குத் துணையான இடியாப்பத்தை மலேசியர் 'புத்து மாயம்' என்பார்கள், இலங்கை ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரிங் ஹாப்பர்ஸ்'. 'டாப்பியோகா' என்றால் இங்கே மரவள்ளிக்கிழங்கே. அமெரிக்கருக்கு அது ஜவ்வரிசி மாதிரியான உருண்டை, கிழங்குக்குப் பெயர் 'கசாவா'.

ஜெர்சி_சமையற்கட்டு:

பெட்டி அண்ணே சொல்லும் பிரிவு சரி. ஆனால் கத்தரிக்காயை அப்படியே விட முடியாது. பெயர் இருக்கட்டும், அளவு இடிக்கும். 'எக்பிளான்ட் 5' என்று போட்டால் அமெரிக்கக் கடையில் ஒரு காயே அரைக்கிலோ வரும். 'சிறியது, மொத்தம் 250 கிராம்' என்று எடையில் எழுத வேண்டும். பெரிய காயில் நீரும் விதையும் அதிகம். கோசமல்லிக்கு அதை வேகவைத்தால் பிசையும்போது தண்ணீராக ஓடும், சுட்டுத் தோலுரித்தால் பதம் வரும்.

மெல்பர்ன்_மிளகு:

அளவு என்று வந்துவிட்டதால் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் 'டேபிள்ஸ்பூன்' 20 மி.லி., மற்ற பெரும்பாலான ஊர்களில் 15. 'கப்' ஆஸ்திரேலியாவில் 250, அமெரிக்காவில் ஏறத்தாழ 240. மின்சார அரிசிக் குக்கரோடு வரும் குவளை 180. அரிசியும் உளுந்தும் ஒரே குவளையால் அளந்தால் எந்தக் கப் என்பது பொருட்டே இல்லை, விகிதம்தான் கணக்கு. உப்பும் மிளகுத்தூளும் அப்படியில்லை. மூன்று மேசைக்கரண்டி மிளகுத்தூள் எழுதி ஆஸ்திரேலியர் அளந்தால் நாலாகிவிடும். கிராமில் எழுதுங்கள், அடைப்பில் கரண்டி போடுங்கள்.

சின்ன வெங்காயத்துக்கு 'ஷாலட்' என்பது பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் சரி. சிட்னிப் பக்கத்தில் 'ஷாலட்' என்றால் பலருக்கும் வெங்காயத்தாள். அங்கே நம் பொருளுக்கு 'எஷாலட்' என்றோ 'ஃபிரெஞ்ச் ஷாலட்' என்றோ கேட்க வேண்டும். பச்சைத் தாளைப் போட்டு உப்புக்கறி செய்தால் அதற்கு உடம்பே இருக்காது. அந்தக் கறியில் மசாலா இல்லை, கெட்டித்தன்மை கொடுப்பதே வெங்காயம்தான். இன்னொன்று: பிரிட்டனில் வாழைக்காய் மாதிரி நீண்ட ஷாலட் கிடைக்கும், நம் வெங்காயம் நாலைந்தின் எடை அதில் ஒன்று. 'ஷாலட் 20' என்று எண்ணிக்கையில் எழுதவே கூடாது. 'சிறிய சிவப்பு ஷாலட், உரித்தது 150 கிராம்' போதும்.

ஆத்தங்குடி:

புளியை யாரும் தொடவில்லையே. எனக்கு அதுதான் மிகப் பெரிய ஓட்டை.

'எலுமிச்சை அளவு' என்றால் நம் வீட்டில் 25, 30 கிராம் புளி. நம் எலுமிச்சை சின்னது, உருண்டை, தோல் மெல்லியது. அவர்கள் கணக்கில் அது 'லைம்' பக்கம் சேரும். மேல்நாட்டு 'லெமன்' மஞ்சளாக, தடித்த தோலோடு 100 கிராமுக்கு மேல் எடை இருக்கும். அந்த அளவுக்குப் புளி உருட்டினால் கோசமல்லியை வாயில் வைக்க முடியாது. 'நெல்லிக்காய் அளவு' என்பதும் அப்படியே. அவர்களுடைய 'கூஸ்பெர்ரி' வேறு பழம்.

எடை போட்டாலும் முழுதாகத் தீராது. அங்கே புளி மூன்று உருவத்தில் கிடைக்கும்: கொட்டையெடுத்த கட்டி, தாய்லாந்து ரக நீர்த்த விழுது, கறுப்பாகத் தார்போல் இருக்கும் கான்சன்ட்ரேட். கறுப்பில் அரைத் தேக்கரண்டிக்குக் கிடைக்கும் புளிப்பு விழுதில் இரண்டு மூன்று கரண்டிக்குத்தான் வரும். ஆகவே அட்டையில் 'கட்டிப்புளி 25 கிராம், அரை கப் வெந்நீரில் 15 நிமிடம் ஊறவைத்துக் கரைத்தது' என்று முழு வேலையையும் எழுதுங்கள். கறுப்பு ரகம் வாங்கியவர் கால் கரண்டியில் தொடங்கி ருசிபார்த்துக் கூட்டட்டும்.

கானாடுகாத்தான்_அடுப்படி:

ஆச்சி, புளி விஷயம் எங்கள் கண்ணில் படவே இல்லை. மட்டனுக்கு 'லாம்ப்' என்று போட்டால் போதுமா? வரைவில் 'ஐந்து விசில்' என்று இருக்கிறது.

உப்புக்கறி:

போதாது. நாம் மட்டன் என்பது வெள்ளாடு. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் மட்டன் என்றால் வளர்ந்த செம்மறி, அமெரிக்காவில் அந்தச் சொல்லே கடையில் அபூர்வம். 'கோட் மீட், எலும்போடு' என்று எழுதி, கிடைக்காவிட்டால் 'லாம்ப் ஷோல்டர்' என்று மாற்று கொடுங்கள். இரண்டுக்கும் ஒரே நேரம் கொடுத்தால் கெடும். குட்டிச் செம்மறி சீக்கிரம் வேகும், கொழுப்பும் அதிகம். வெள்ளாட்டுக் கணக்கில் விட்டால் நாராகப் பிரிந்து எண்ணெயில் மிதக்கும். செம்மறிக்கு நல்லெண்ணெயையும் பாதியாக்குங்கள்.

விசிலைக் கட்டாயம் எடுங்கள். வெளிநாட்டுக் குக்கர்களில் பெரும்பாலானவை நம்முடையது மாதிரி விட்டுவிட்டு விசில் அடிக்காது, அழுத்தம் ஏறியதும் சத்தமில்லாமல் நிற்கும். விசிலுக்குக் காத்திருந்தால் கறி கரைந்துபோகும். 'முழு அழுத்தம் வந்தபின் வெள்ளாடு 18 முதல் 20 நிமிடம், செம்மறி 10 முதல் 12, பிறகு அழுத்தம் தானாக இறங்கட்டும்' என்று எழுதலாம். குக்கர் இல்லாதவர் மூடிபோட்டு இளந்தீயில் வெள்ளாட்டை ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும்.

அளவு: கறி 500 கிராம், சின்ன வெங்காயம் 150, பூண்டு 12 பல், விதை நீக்கிய வற்றல் மிளகாய் 10, நல்லெண்ணெய் 60 மி.லி., மஞ்சள், கல்லுப்பு. மிளகாய் இங்கே முண்டு ரகம், 2023இல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 'ரெட் சில்லி 10' என்று மட்டும் போட்டால் தாய்லாந்து ஊசிமிளகாய் பத்தைக் கிள்ளிப் போடுகிறவரும் உண்டு. 'உருண்டையான, தோல் தடித்த, நடுத்தரக் காரம்' என்று சேருங்கள். 'ஃப்ரை' என்ற சொல்லையும் பாருங்கள்: 'மட்டன் ஃப்ரை' என்றால் எண்ணெயில் பொரித்தது என்று நினைப்பார்கள். ஈரம் வற்றும்வரை வாணலியில் சுருட்டுவது என்று விளக்கிவிடுங்கள்.

தாவரப்பெயர்_தம்பி:

இத்தனை அல்லாடுவதற்குத் தாவரவியல் பெயரைப் போட்டுவிட்டால் உலகம் முழுக்க ஒன்றுதானே?

கவுனி:

தம்பி, பச்சரிசி, புழுங்கல், கவுனி, பாஸ்மதி நாலுக்கும் தாவரப்பெயர் ஒன்றே, ஒரைசா சட்டைவா. அரிசிக்கு அது உதவாது. வெள்ளாடு செம்மறிக்குப் போட்டால் அட்டையைக் கால்நடை மருத்துவர்தான் படிப்பார்.

ஆனால் செடியே மாறிப்போகிற ஒரு இடம் உண்டு, சோம்பு. 'அனிசீட்' என்று இங்கே பழக்கத்தில் எழுதுவது தவறு. சோம்பு 'ஃபென்னல் சீட்'. அனிசீட் வேறு செடி, விதை இன்னும் பொடிசு, அதிமதுரம் போன்ற இனிப்பு வாசம் பலமாக அடிக்கும். மிளகு வறுவலில் ஒரு கரண்டி அதைப் பொடித்துப் போட்டால் இருமல் மருந்து நெடிதான் வரும்.

ஆத்தங்குடி:

கல்பாசிக்கு 'பிளாக் ஸ்டோன் ஃபிளவர்' என்ற பெயர் இணையக் கடைகளில் செல்லும், 'தகட் பூல்' என்ற மராத்திப் பெயரையும் சேர்த்தால் இந்தியக் கடையில் கிடைத்துவிடும். பூ என்றும் பாசி என்றும் பெயரே தவிர அது பாறையிலும் மரத்திலும் படரும் 'லைக்கன்', பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வளர்வது. மாற்றுப் பொருள் சொல்லாதீர்கள், இல்லையென்றால் விட்டுவிடட்டும். மராட்டி மொக்கை 'கேப்பர்' என்று மொழிபெயர்த்த அட்டைகள் சுற்றுகின்றன. கேப்பர் என்றால் அவர்கள் வாங்குவது உப்புநீரில் ஊறிய பச்சை மொட்டு. அதை நல்லெண்ணெயில் தாளித்தால் தெறிக்கும், கறியும் கரிக்கும்.

கறிவேப்பிலைக்கு 'கறி லீவ்ஸ்' சரிதான், 'கறி பவுடர் மாற்றாகாது' என்று சேருங்கள். மேல்நாட்டு நாற்றங்காலில் 'கறி பிளான்ட்' என்று வெள்ளிச் சாம்பல் நிற இலையோடு ஒரு செடி விற்கிறார்கள். மணம் கொஞ்சம் ஏமாற்றும், கறிவேப்பிலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பினாங்கு_பெட்டி:

சைவக்காரர்களுக்கு மேசையில் வைக்கும் பட்டியலையும் ஒரு பார்வை பாருங்கள். 'டிரம்ஸ்டிக்' என்றால் அவர்களுக்குக் கோழிக்கால், 'மொரிங்கா பாட்' என்று போடுங்கள், தோலை மென்று விழுங்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். சுண்டைக்காய் 'டர்க்கி பெர்ரி' ஆனால் வான்கோழி எங்கே என்று தேடுவார்கள். மணத்தக்காளி 'பிளாக் நைட்ஷேட்', அந்தப் பெயரைக் கேட்டாலே ஐரோப்பியருக்கு விஷச்செடி ஞாபகம் வரும். இந்த இரண்டுக்கும் தமிழ்ப் பெயரும் 'உப்பு மோரில் ஊறவைத்துக் காயவைத்த சிறு காய்' என்ற விளக்கமும் போதும்.

'பிளாக் கிராம் 50 கிராம்' என்று அச்சில் பார்க்க வேடிக்கையாக இருக்கும். 'தோல் நீக்கிய உளுந்து' என்ற பொருளில் 'உரத் தால், ஒயிட்' என்று எழுதுங்கள். 'பிளாக்' என்று படித்துவிட்டுத் தோலுளுந்து வாங்கிவந்தால் பணியாரம் சாம்பல் பூத்து நிற்கும்.

மெல்பர்ன்_மிளகு:

பட்டியலில் 'ஆன்ட்ரே' வேண்டாம். அமெரிக்காவில் அது முக்கிய உணவு, ஆஸ்திரேலியாவில் முதலில் வரும் சிறுதட்டு. வட இங்கிலாந்துக்காரர் 'ஆறு மணிக்கு டீ' என்றால் பலசமயம் ராச்சாப்பாட்டைக் கேட்கிறார், வெறும் டம்ளரோடு போய் நிற்காதீர்கள்.

கானாடுகாத்தான்_அடுப்படி:

குழிப்பணியாரம் திருத்தியாயிற்று, ஆங்கிலத்தில் இதே வரிசையில் போகும்:

'இட்லி அரிசி, அதாவது புழுக்கியது, சோறு அல்ல, 200 கிராம். வெள்ளைப் பச்சரிசி, குட்டை ரகம், 200 கிராம். தோல் நீக்கிய உளுந்து 50 கிராம். வெந்தயம் 5 கிராம். நாலு மணி நேரம் ஊறவைத்து அரைத்து, உப்புப் போட்டு, பொங்கி வரும்வரை 8 முதல் 12 மணி நேரம், குளிரூரில் அதற்கு மேலும். தாளிக்க நல்லெண்ணெய், வறுக்காத எள்ளில் ஆட்டியது, இளம் பொன்னிறம். சிறிய சிவப்பு ஷாலட் 80 கிராம், பச்சைமிளகாய் 2, கறிவேப்பிலை ஒரு இணுக்கு, தேங்காய்த் துருவல் 30 கிராம், இனிப்புச் சேர்க்காதது.'

பிரிஞ்சாலை விட்டுவைத்திருக்கிறோம், எடையோடு. குழிக்கல்லுக்கு என்ன எழுதுவது?

ஜெர்சி_சமையற்கட்டு:

'பணியாரம் பேன்' என்றே போடுங்கள், இணையத்தில் கிடைக்கிறது. அமெரிக்கச் சமையல் சாமான் கடைகளில் டென்மார்க் பண்டத்துக்கான 'ஏபிள்ஸ்கீவர் பேன்' உண்டு, இரும்பு வார்ப்பு, பெரும்பாலும் ஏழு குழி. குழி நம்முடையதைவிடப் பெரியது. முக்கால் நிரப்பாமல் பாதிக்குக் கொஞ்சம் மேலே நிறுத்தி, தீயைக் குறைத்து, மூடி போட்டு வேகவிட வேண்டும். நம் தீயில் வைத்தால் வெளியே கருகி நடுவில் மாவு நிற்கும். நெதர்லாந்துப் 'பொஃபர்ட்ஜஸ்' கல்லை யாராவது எடுத்துவந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அந்தக் குழி ஆழமில்லாதது, பணியாரம் உருளாது.

செக்கெண்ணெய்:

இரும்புக் கல் புதிது என்றால் முதல் ஈடு ஒட்டும். ஒவ்வொரு குழியிலும் நல்லெண்ணெய் தடவி, புகை வரும்வரை காயவைத்து, ஆறவிட்டு, இதையே மூன்று தடவை செய்த பிறகு மாவு ஊற்றச் சொல்லி அட்டையின் பின்பக்கம் போட்டுவிடுங்கள்.